கடல் தொட்டியைக் கலைக்கும் முன்

நம் வட்டாரத்து இல்லங்களில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது புதிய வழக்கமன்று. புளியந்தோப்பிலிருந்து பெரம்பூர் வழியாகச் சிறிது தூரம் சென்றால் கொளத்தூர் வந்துவிடும். வண்ணமீன் வணிகத்துக்கு நாடெங்கும் பெயர் பெற்ற இடம் அது. வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் தங்கமீனும் வளர்த்துக் குடும்பம் நடத்துவோர் அங்கும் அதனைச் சுற்றிலும் பலர். இத்தகைய சூழலில் வளரும் நம் பிள்ளைகள் மீன்தொட்டி வேண்டுமெனக் கேட்பதில் வியப்பில்லை.

அண்மைக் காலத்தில் சில இல்லங்களில் வேறொன்று நுழைந்திருக்கிறது. கடல்நீர்த் தொட்டி என்பது அதன் பெயர். உப்புநீர், நீலவொளி விளக்கு, பவளம், கடற்சாமந்தி, அதனிடையே ஒளிந்து விளையாடும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் என்று காண்போரை மயக்கும் காட்சி அது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த சகோதரர் பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிக் கொடுத்துவிட்டுச் செல்கிறார். அதன் பராமரிப்பு வீட்டிலிருப்போர் தலையில் விழுகிறது. ஓராண்டோ ஈராண்டோ கழிந்ததும், "இதனைச் சாதாரண நன்னீர்த் தொட்டியாக மாற்றிவிடலாமா?" என்ற பேச்சு எழுகிறது.

மாற்றிவிடலாம் என்பதே நமது கருத்து. சொல்லப்போனால், நம் பகுதியில் கடல் தொட்டி வைத்திருக்கும் பெரும்பாலான குடும்பங்கள் அதனைச் செடிகள் வளரும் நன்னீர்த் தொட்டியாக மாற்றிக்கொள்வதே நல்லது. ஆயினும், இம்மாற்றத்தைச் செய்யும் வரிசையில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகின்றனர். அது உயிர்களின் மீதான தவறாகையால் அதனைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

நமது மத்ரஸாவுக்கு மகளை அழைத்துவரும் தந்தை ஒருவர் இவ்வினாவை மார்க்க வினாவாகவே நம்மிடம் கொண்டுவந்தார். "ஹஜ்ரத், தொட்டியை வைத்திருந்தால் கரண்ட் பில் கட்டி மாளவில்லை. கலைத்துவிடலாம் என்றால், நாலு வருசமா இருக்கிற அந்த ரெண்டு மீனும் செத்துப்போகும். என் மகள் அழுகிறாள். வைத்திருப்பது வீண்விரயமா, கலைப்பது பாவமா?" என்றார். "பாய், கலைப்பதில் பாவமில்லை. அந்த இரண்டு மீன்களுக்கு இடம் பார்க்காமல் கலைத்தால்தான் கேள்வி இருக்கிறது" என்று கூறினோம். இக்கட்டுரை அவ்விடையின் விரிவே.

உயிரினங்களை அடைத்து வளர்க்கலாமா என்பதில் நம் முன்னோர்களான அறிஞர்கள் போதிய தெளிவு தந்திருக்கின்றனர். அபூஉமைர் என்ற சிறுவர் ஒரு சிட்டுக்குருவியை வளர்த்து வந்ததும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடும் இனிமையோடும் அதைப் பற்றி வினவியதும் நாம் அறிந்த செய்தி. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் 60 பயன்களை எடுத்துத் தனிநூல் எழுதினார்கள். பிள்ளைகள் பறவை போன்றவற்றை வளர்த்து மகிழலாம் என்பது அறிஞர்கள் இதிலிருந்து பெற்ற சட்டங்களுள் ஒன்று. மறுபுறம், பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் நம் முன் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு எளிது. வளர்ப்பது ஆகும். ஆனால் நாம் அடைத்துவைத்த உயிர் தானே இரை தேட இயலாததால், அதன் தேவை முழுவதும் நம்மீது அமானிதமாக வந்து சேர்கிறது. பூனைக்கு உணவு எதுவோ, மீனுக்கு நீரும் அதுவே. நீர் கெட்டால் அம்மீன் ஓடிப்போக இடமில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, புளியந்தோப்பின் ஒரு சிறு வீட்டில் கடல் தொட்டி என்னென்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. 200 லிட்டர் தொட்டியை நிரப்ப 7 கிலோ சிறப்பு உப்பு வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கால்சியம், மக்னீசியம் முதலிய பல தாதுக்கள் சேர்ந்த கலவையே பயன்படும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதானால் 20 லிட்டர் நீரும் 700 கிராம் உப்பும் செலவாகும். இந்த 20 லிட்டரும் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீராக இருக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் வடித்துத் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றிவிடும். ஆக, வாரத்துக்கு 60 முதல் 80 லிட்டர் வரை குழாய்நீர் இதற்கே போகிறது. ஆவியாகும் நீரை நாள்தோறும் ஈடுசெய்வது தனிக்கணக்கு.

லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற பகுதி நம்முடையது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே, 2010ஆம் ஆண்டில், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. வடசென்னை மக்கள் குடிக்கும் நீரில் அதன் பங்கும் உண்டு. பெரும் பொருட்செலவில் கடலிலிருந்து உப்பை நீக்கி நமக்கு அனுப்புகிறார்கள். அந்நீரில் பாதிக்கு மேல் சாக்கடையில் விட்டு, எஞ்சியதில் மீண்டும் உப்பைக் கரைத்து, வரவேற்பறையில் ஒரு கடலை உண்டாக்குகிறோம். ஓடும் ஆற்றங்கரையிலிருந்து உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் இதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிலர், "கடல் அருகில்தானே இருக்கிறது, காசிமேட்டிலிருந்து கேனில் பிடித்துவந்தால் போயிற்று" என்கின்றனர். துறைமுகத்தின் படகு எண்ணெயும் நகரத்தின் கழிவுநீரும் கலக்கும் கரைநீர் அது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் எண்ணெய்ப் படலமாகக் கிடந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. எண்ணூர் மீனவர்களின் வலைகளும் படகுகளும் அன்று கறுத்துப் போயின. அந்த நீரில் பவளத்தை வளர்க்க முடியாது.

அடுத்தது வெப்பம். பவளத்துக்கு ஏறத்தாழ 25, 26 பாகை செல்சியஸ் உகந்தது. நம் கோடையில் மூடிய அறையிலுள்ள தொட்டிநீர் 32 பாகையைக் கடந்துவிடும். ஆகவே குளிர்விப்பான் வேண்டும். 200 வாட் குளிர்விப்பான் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். 150 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் 72 யூனிட். மோட்டார்களை விட்டுவிட்டாலும் 200 யூனிட்டைத் தாண்டிவிட்டோம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைக் கடந்தால் கட்டண விகிதம் எப்படி ஏறுகிறது என்பது குடும்பத் தலைவர்கள் அறியாததன்று. அந்தத் தந்தையின் முறையீட்டில் மிகை ஏதுமில்லை.

மின்சாரம் நின்றுவிட்டால் கட்டணத்தை விடப் பெரிய இடர் வருகிறது. மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் நீர் நின்று, மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. நீரைச் சுழற்றும் மோட்டார் நின்றால் கடல் தொட்டியில் சில மணி நேரத்தில் உயிர்வளி குறைந்துவிடும். உப்புநீர் இயல்பாகவே நன்னீரைவிடக் குறைந்த அளவு உயிர்வளியைத்தான் கரைத்துவைக்கும், வெப்பம் கூடினால் அது மேலும் குறையும். வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வழியின்றித் தவித்த அந்நாட்களில் மீனைப் பற்றி யார் நினைத்திருக்க முடியும்? நினைக்க முடியாத நிலை அடிக்கடி வரும் ஊரில், நொடிதோறும் மின்சாரத்தை நம்பி வாழும் உயிரை நாம் பொறுப்பேற்கலாமா என்பதுதான் கேள்வி.

நீரையும் மின்சாரத்தையும் விடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. அது மன்னார் வளைகுடாவில் இருக்கிறது.

கீழக்கரையும் காயல்பட்டினமும் நம் சமுதாயத்தின் கடல்சார் வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற ஊர்கள். முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கிய மக்களின் கடல் அது. அங்கே இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986இல் அப்பகுதி தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் இரண்டு இப்போது நீருக்கு மேல் இல்லை. அலையைத் தடுத்து நின்ற பாறையை எடுத்துவிட்டால் தீவு கரையாமல் எப்படி இருக்கும்? 2010இலும் 2016இலும் கடல் சூடேறியதால் எஞ்சிய பவளங்களிலும் கணிசமானவை வெளுத்தன. பவளம் கல்லன்று, உயிரினம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோதான் வளரும் உயிரினம்.

இதனால்தான் 2001ஆம் ஆண்டிலிருந்து பாறை கட்டும் பவளங்களும், கடல் விசிறியும், கடற்குதிரையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நம் கடலின் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டுப் பவளம் என்றாலும் கடினப் பவளங்கள் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்பாட்டின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, உரிய ஆவணம் வேண்டும். "கடைக்காரர் கொடுத்தார், நாங்கள் வாங்கினோம்" என்ற விடை சட்டத்தின் முன் நிற்காது. ஹலாலான வருமானத்தைக் கொண்டு வாங்கினோம் என்பது மட்டும் போதாது, விற்றவருக்கு அதனை விற்க உரிமை இருந்ததா என்பதும் வணிகச் சட்டத்தில் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடந்தானே.

மீன்களிலும் இந்த வேறுபாடு உண்டு. கடைகளிலுள்ள நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பகுதி பண்ணைகளில் பிறந்தவை. கடல் வண்ணமீன்களில் பெரும்பகுதி கடலில் பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு நஞ்சைத் தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமை பல்லாண்டுகளாக நடந்துள்ளது. அந்நஞ்சு அருகிலுள்ள பவளத்தையும் கொல்லும். கோமாளி மீனின் நிலை சற்று மேலானது. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. கடல் தொட்டி வைத்தே தீருவேன் என்போர் அத்தகைய மீனை மட்டும், பவளமின்றி வைத்துக்கொள்ளட்டும்.

இனி மாற்றும் முறைக்கு வருவோம். 

இரு கடல்களைப் பற்றி, ஒன்று இனிமையானதும் தாகம் தணிப்பதும், மற்றொன்று உவர்ப்பும் கசப்பும் கொண்டதும் என்றும், அவற்றிடையே இறைவன் தடுப்பை அமைத்திருக்கிறான் என்றும் ஃபுர்கான் அத்தியாயத்தில் படிக்கிறோம். அத்தடுப்பின் ஓர் அடையாளத்தை மீனின் உடலிலும் காணலாம். கடல்மீனின் உடலிலுள்ள உப்பு, சுற்றியுள்ள நீரின் உப்பைவிடக் குறைவு. ஆகவே அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருந்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீர் மீனுக்கு நேர்மாறு. நீர் தானாகவே உள்ளே புகுவதால் அது குடிப்பதே அரிது, சிறுநீராகக் கழித்துக்கொண்டே இருக்கும். விலாங்கு போல இரண்டிலும் வாழும் வகையில் படைக்கப்பட்ட சில இனங்கள் உண்டு. கோமாளி மீனோ டாம்செல் மீனோ அவ்வாறு படைக்கப்படவில்லை. அவற்றை நன்னீரில் விட்டால் உடலுக்குள் நீர் புகுந்து சாகும். "கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்தால் பழகிக்கொள்ளும்" என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதாகும்.

எனவே முதல் வேலை, தொட்டியிலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் உப்புநீரிலேயே வேறு இடம் தேடுவது. வாங்கிய கடையில் திருப்பிக் கேட்கலாம். பலர் விலையின்றிப் பெற்றுக்கொள்வர். கொளத்தூரில் விசாரித்தால் கடல் தொட்டி வளர்ப்போரைக் காட்டித் தருவார்கள். விலை கிடைக்கவில்லை என்பதற்காகத் தாமதிக்க வேண்டாம், அன்பளிப்பாகவே கொடுத்துவிடலாம். ஆவணமில்லாத பவளமோ கடற்குதிரையோ இருந்தால் அதனை விற்பதோ கைமாற்றுவதோ மேலும் ஒரு குற்றமாகிவிடும். வனத்துறை அலுவலகத்தில் நேர்மையாகக் கேட்டுக்கொள்வதே வழி. சங்கடந்தான், ஆனாலும் அதுவே நேர்வழி.

கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்போர் உண்டு. மீனைச் சாக்கடைக்குழாய் வழியே கடலுக்கு அனுப்பும் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதை விடுதலை என்றே நம்புகிறார்கள். இராயபுரத்துக் கரையில் விடப்படும் மீன் அந்தக் கடலைச் சேர்ந்தது என்பதற்கு உறுதியில்லை. தொட்டியின் நோய்க்கிருமியை அது தன்னுடன் எடுத்துச் செல்லலாம். கையால் ஊட்டப்பட்டுப் பழகிய மீன் அலைக்கு முன் பிழைப்பதும் அரிது.

இடமே கிடைக்கவில்லை என்றால்? அப்போது தொட்டியைக் கலைக்க வேண்டாம் என்பதே நமது தீர்ப்பு. பவளமில்லாத, விளக்கும் குளிர்விப்பானும் பெரிதாக வேண்டாத ஒரு சிறு உப்புநீர்த் தொட்டியில் அந்த இரண்டு மீன்களை அவற்றின் ஆயுள் உள்ளவரை வைத்திருங்கள். கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் பத்தாண்டுக்கு மேலும் வாழும் என்பதையும் அறிந்தே இதைச் சொல்கிறோம். மின்கட்டணம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அந்தச் சிறுமியின் அழுகைக்கும் விடை கிடைத்துவிடும். பெரிய தொட்டி நன்னீருக்கு மாறட்டும். வாங்கும்போது யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மீன்தான் தேர்ந்தெடுக்கும் உரிமையின்றி நம்மிடம் வந்தது.

அடுத்து, உயிர்ப்பாறை எனப்படும் துளைகள் நிறைந்த கற்கள். அவற்றின் துளைகளில் கண்ணுக்குத் தெரியும் புழு, நண்டு முதல் தெரியாத நுண்ணுயிர் வரை குடியிருக்கின்றன. நன்னீர் பட்டதும் அனைத்தும் மடிந்து அழுகி நீரை நஞ்சாக்கும். அவற்றையும் உப்புநீரோடு கைமாற்ற வேண்டும். பவள மணலையும் முற்றிலும் அகற்ற வேண்டும். அது சுண்ணாம்பு, கரைந்துகொண்டே இருந்து நீரைக் கடினமாக்கும். உப்புநீரைச் செடித் தொட்டிகளிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள், முருங்கையும் கறிவேப்பிலையும் பட்டுப்போகும். வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் சிறிது சிறிதாக விடலாம். மழைநீர்க் கால்வாய் அதற்குரியதன்று.

காலியான தொட்டியை வெறும் நீரால் பலமுறை அலசினால் போதும், சோப்பு தொடக்கூடாது. நுரை எடுக்கும் புரத வடிப்பான் நன்னீரில் பயன்படாது. குளிர்விப்பானும் அலை உண்டாக்கும் கருவியும் தேவையில்லை. இவற்றை விற்று வரும் பணம் மாற்றத்தின் செலவுக்கே ஏறத்தாழப் போதும். நீலவொளி விளக்கில் செடி செழிக்காது. வெள்ளொளியைக் கூட்ட முடியாத விளக்கானால் மாற்றிவிட வேண்டும்.

இனிச் செடிகள். 1850ஆம் ஆண்டு வாக்கில் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்களையும், வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பாசியையும், நத்தைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். மீனின் கழிவு செடிக்கு உணவாகிறது. செடி தரும் உயிர்வளி மீனுக்கு மூச்சாகிறது. அழுகும் இலையை நத்தை தின்றுவிடுகிறது. நீரை மாற்றாமலே தொட்டி தெளிவாக இருந்தது. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் சொல்லப்படும் அந்தத் தராசை, மீஸானை, பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட எளிய பாடம் நமக்குத் தெரியவில்லை. கடல் தொட்டியில் இந்தச் சமநிலையை இயந்திரங்களைக் கொண்டு இழுத்துப்பிடிக்கிறோம். இங்கே பெரும்பங்கை இலைகள் பார்த்துக்கொள்கின்றன.

அந்த வாலிஸ்னேரியா நம் குளங்களிலும் வளர்வது. ஹைட்ரில்லாவும் அப்படியே. மருந்துக்கடையில் வல்லாரையோடு விற்கும் நீர்ப்பிரமி, தொட்டிக்குள் மூழ்கியும் நன்கு வளரும். கொட்டிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த செடிகளை வெளிநாட்டார் விலை கொடுத்து வாங்குகின்றனர். நம் ஏரிகளில் களை என்று ஒதுக்கப்பட்டவை இவை. நிழல் பொறுக்கும் ஜாவா ஃபெர்னும் அனூபியாஸும் கொளத்தூரிலேயே கிடைக்கும், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும்.

செடி நட்ட அன்றே மீனை விடக்கூடாது. உப்புநீரில் கழிவைச் சிதைத்துவந்த நுண்ணுயிர்கள் நன்னீருக்கு உதவா. புதியவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள். பொறுக்கப் பழக்க வேண்டும். அதன்பின் முதலில் நாலைந்து மீன், பிறகு சில வாரம் கழித்து இன்னும் நாலைந்து என்று சேர்க்கலாம். நம் பகுதி ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் கடினமானது. அதில் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை மகிழ்ச்சியாக வாழும். மென்னீர் கேட்கும் டெட்ரா வகைகளுக்காக மறுபடியும் ஆர்.ஓ. இயந்திரத்திடம் போவதானால் மாறியதன் பயன் என்ன? மெட்ரோ குழாய்நீரானால் குளோரினை நீக்க ஓரிரவு திறந்து வைக்க வேண்டும், அல்லது கடையில் விற்கும் தயோசல்பேட் கரைசலைச் சில துளி சேர்க்க வேண்டும். மாற்றி எடுக்கும் பழைய நீர் மாடித் தோட்டத்துக்கு நல்ல உரம். உப்புத் தொட்டியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

நன்னீர் என்றதும் எல்லாம் தூய்மையாகிவிட்டதாகக் கருத வேண்டாம். ஜப்பானியரான தகாஷி அமானோ செடித் தொட்டியை ஒரு கலையாகவே வளர்த்தார். 2015இல் லிஸ்பன் நகரில் 40 மீட்டர் நீளத்தில் ஒரு நீர்க்காட்டை அமைத்துவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தார். அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு, கரியமில வாயு உருளையும் இறக்குமதி மண்ணும் வாங்கிக் கடல் தொட்டிக்கு ஈடாகச் செலவழிப்போரும் இருக்கின்றனர். வேலிக்கு மறுபுறத்து வீட்டாரைவிடப் பெரிய தொட்டி என்ற எண்ணம் நீரின் சுவையைப் பார்த்து வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பிடிக்கப்படும் செங்கோட்டுக் கெண்டை, மிஸ் கேரளா என்ற பெயரில் விற்கப்படுகிறது. அழியும் நிலையிலுள்ள இனம் அது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் சக்கர் மீன், விரலளவில் வந்து முழங்கையளவு வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் இன்று தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து, நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாசியைத் துடைக்க ஒரு பழைய துணி போதும்.

நறுக்கிய செடிகளை ஓட்டேரி நல்லாவிலோ பக்கிங்காம் கால்வாயிலோ எறியாதீர்கள். ஆகாயத்தாமரை ஒன்றே போதும் அவற்றுக்கு. வெயிலில் நன்கு உலர்த்தி மண்ணோடு கலந்துவிடலாம்.

இவ்வேலையைத் தொடங்கக் காலமும் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே வெயிலில் புதிய செடி வேர் பிடிப்பது கடினம், வடகிழக்குப் பருவமழையில் மின்சாரத்தை நம்ப முடியாது. ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். எதிர்வரும் சில ஆண்டுகளில் ரமளானும் அக்காலத்தை ஒட்டியே வருகிறது. நோன்பில் சஹருக்கு எழும் பிள்ளைகளிடம் தொட்டியின் விளக்கைப் போடாதிருக்கச் சொல்லுங்கள். செடிக்கு நாளுக்கு 7, 8 மணி நேர ஒளி போதும், மிகுந்தால் பாசி படரும்.